அண்ணியின் கொடியும் ஏழாம் நம்பர் பிளாப்பியும்

எங்கள் குடும்பத்து ஆண்களுக்குத் ‘தெரியாது’ என்ற சொல் வாயில் வராது. மற்ற எல்லாச் சொல்லும் வரும், தேவைக்கு அதிகமாகவே வரும். என் அண்ணை ஒருமுறை லண்டன் ஹரோவில் ஒரே ரவுண்டபவுட்டை ஏழு தரம் சுற்றினார். தெருவில் நின்ற யாரையாவது வழி கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. “எனக்கு வழி தெரியும், ரோட்டைத்தான் பிழையாப் போட்டிருக்கிறாங்கள்” என்பது அவருடைய வாதம். நான் அவருடைய தம்பி. அவரைவிடப் பதினொரு வயது இளையவனாக இருந்தும் இந்த ஒரு விஷயத்தில் அவரை முந்தியவன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்துமூன்று வயது. ரெய்னர்ஸ் லேனில் அண்ணை, அண்ணியோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். (ஒட்டிக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரியான சொல். ‘ஒரு மூண்டு மாசம்’ என்று வந்தவன் ஆறாவது வருடத்தில் இருந்தேன். அண்ணி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.) பகலில் சுப்பர்மார்க்கட்டில் சாமான் அடுக்கும் வேலை. பின்னேரத்தில் ஒரு கல்லூரியில் ஆறு மாதக் கொம்பியூட்டர் வகுப்பு. அதில் நான்கு மாதம் முடிந்திருந்தது. வகுப்பு முழுவதும் கரும்பலகையிலேயே நடந்தபடியால், ஒரு கொம்பியூட்டரின் உட்பக்கத்தை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

ஆனால் எங்கள் தெருத் தமிழ்ச் சனத்துக்கு நான் ‘கொம்பியூட்டர் தம்பி’. யார் வீட்டிலாவது வீடியோ டெக்கின் மணிக்கூடு கண்சிமிட்டினால் எனக்குத்தான் போன் வரும். நான் போவேன், தேத்தண்ணி குடிப்பேன், பிளக்கைக் கழற்றித் திரும்பக் கொழுவுவேன், நெற்றியைச் சுருக்கி “இப்ப சரி” என்பேன். அந்த மரியாதை எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது.

எங்கள் வீட்டில் இருந்த கொம்பியூட்டர் மணியத்தார் தந்தது. மணியத்தார் சிங்கப்பூர்த் தமிழர். படிக்க வந்து இங்கேயே தங்கி, ஒரு காப்புறுதிக் கம்பனியின் கொம்பியூட்டர் பகுதியில் உத்தியோகம் பார்த்தார். மனைவி, மகளோடு நோர்பரியில் வீடு. அவருடைய ஒஃபீசில் பழைய மெஷின்களைக் கழித்தபோது, படிக்கிற பிள்ளைக்கு உதவட்டும் என்று எனக்கு ஒன்றைக் கொடுத்தார். படுத்த வாக்கில் ஒரு கனமான இரும்புப் பெட்டி, அதன் மேல் திரை. அண்ணி அதற்கென்று பூவேலை செய்த ஒரு துணிக்கவர் தைத்துப் போட்டிருந்தார். ஹோலின் மூலையில், டீவிக்கு அடுத்த மரியாதையோடு அது வீற்றிருந்தது.

இனி அண்ணியின் தாலிக்கொடிக்கு வருகிறேன். அது பதினைந்து பவுண் தங்கம். வேலைக்குப் போகும் நாட்களில் அவர் மெல்லிய சங்கிலிதான் போடுவார். கொடி வங்கி லொக்கரில் தூங்கும். அந்த முறை அண்ணியின் தம்பிக்குக் கலியாணம், ஒரு சனிக்கிழமை, குரோய்டன் பக்கம் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளையின் ஒரே அக்கா, தாலி கட்டும்போது மேடையில் விளக்குப் பிடிக்க வேண்டியவர், வெறுங்கழுத்தோடு போக ஏலுமா? போனால் சனம் மாப்பிள்ளையையும் பார்க்காது, பொம்பிளையையும் பார்க்காது, அண்ணியின் கழுத்தைத்தான் பார்க்கும். கலியாணக் கிழமையில் லீவு எடுக்க முடியாததால், அண்ணி எட்டு நாள் முந்தியே வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போய்க் கொடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

எட்டு நாளைக்கு அதை எங்கே வைப்பது? தமிழ் வீட்டில் கலியாணம் என்றால் நகை வீட்டுக்கு வரும் என்பதைக் கள்ளர்களும் அந்தக் காலத்தில் அறிந்து வைத்திருந்தார்கள். அரிசி வாளி, மாப்பேணி, சாமிப்படத்தின் பின்பக்கம் என்று எங்கள் ஆட்களின் ஒளிப்பிடமெல்லாம் அவர்களுக்குப் பாடம். அண்ணி யோசித்துக்கொண்டே கொம்பியூட்டரில் தூசி தட்டியிருக்கிறார். முன்பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பிளாஸ்டிக் மூடி கையோடு கழன்று வந்தது. உள்ளே ஒரு வெறும் குகை. பின்னாளில் வேறு ஏதாவது சாமான் பூட்டலாம் என்று விட்ட இடம் அது. அண்ணிக்கு அது கடவுள் காட்டிய இடமாகப் பட்டது. கொடியை ஒரு சுருக்குப்பையில் போட்டு, குகைக்குள் வைத்து, அகப்பைக் காம்பால் நன்றாகப் பின்னுக்குத் தள்ளி, மூடியைப் போட்டுவிட்டார். யாருக்கும் சொல்லவில்லை.

இதை உங்களுக்கு இப்போதே சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியவர எட்டு நாள் எடுத்தது.

அந்த அகப்பைக் காம்பு செய்த வேலை என்னவென்றால், பின்னால் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற பட்டையான கேபிளை அரைவாசி கழற்றிவிட்டது. இதுவும் எனக்குத் தெரியாது. நான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அந்த வருடம் எல்லாரும் வாய் ஓயாமல் பேசிய புதிய சிஸ்டத்தை ஏற்றப்போவதாக வீட்டில் அறிவித்தேன். என் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. பதின்மூன்று பிளாப்பி. கண்ணாடி மாதிரித் தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இலக்கம் போட்டு அடுக்கியிருந்தது. அண்ணை பார்வையாளராகக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மெஷினைப் போட்டேன். ஹார்ட் டிஸ்க் என்று ஒன்று இந்தப் பெட்டியில் இல்லவே இல்லை என்று திரையில் எழுத்து வந்தது. நான் நெற்றியைச் சுருக்கினேன். பிளக்கைக் கழற்றிக் கொழுவினேன். (என்னுடைய வித்தை அவ்வளவுதான்.) மறுபடியும் இல்லை என்றது. அண்ணை எழும்பி வந்து பெட்டியின் தலையில் கையால் ஒரு தட்டுத் தட்டினார். ஹார்ட் டிஸ்க் வந்துவிட்டது. ஊரில் ரேடியோவுக்கும் இதுதான் மருந்து என்று விளக்கம் வேறு தந்தார். கேபிள் அரைவாசியில் நிற்கிற பெட்டிக்கு அது உண்மையிலேயே மருந்துதான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

முதலாம் பிளாப்பி போனது. இரண்டு, மூன்று என்று ஆறு வரைக்கும் நல்லாகப் போனது. ஏழாவதைப் போட்டதும் மெஷின் நின்றது. ஹார்ட் டிஸ்க்கில் எழுத முடியவில்லை என்றது. நான் முதலில் இருந்து தொடங்கினேன். திரும்பவும் ஏழில் நின்றது. அப்போது குற்றவாளி ஏழாம் நம்பர் பிளாப்பிதான் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அதை ஊதினேன், சட்டையில் துடைத்தேன், யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏழரைச் சனி ஏழோடு வந்திருக்குது என்று அண்ணை சொன்னார்.

கடைசியில் மணியத்தாருக்குப் போன் எடுத்தேன். மனுஷர் முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பெட்டிய தொறந்து உள்ள கேபிள பாத்தியா தம்பி?”

பார்க்கவில்லை. பார்க்கப் பயம். உடம்பில் இருக்கும் மின்சாரம் பட்டால் உள்ளே இருப்பதெல்லாம் எரிந்து போகும் என்று வகுப்பு வாத்தியார் வெருட்டி வைத்திருந்தார். நானோ நைலோன் சுவெட்டர் போட்டுக்கொண்டு, கதவுப்பிடியைத் தொட்டாலே பொறி பறக்கிற ஆள். அதோடு பெட்டியைப் பூட்டியிருந்த ஸ்க்ரூக்கள் நட்சத்திர வடிவில் இருந்தன. அதற்கு எந்தத் திருப்புளி என்று எனக்குத் தெரியாது. ‘தெரியாது’ என்று சொல்லியிருந்தால் கதை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

“ஓம் ஓம், திறந்து பாத்தனான். எல்லாம் இறுக்கமாத்தான் இருக்குது.”

அவ்வளவுதான். இந்தத் தொழிலில் முதல் கேள்விக்குப் பொய் சொன்னால் பிறகு கிடைக்கிற எல்லா ஆலோசனையும் பொய்க்குச் சொல்லப்பட்ட ஆலோசனைதான். கேபிள் சரி என்றால் டிஸ்க்கில் புண் இருக்கலாம் என்றார், தேடச் சொன்னார். தேடினேன். புண் இல்லாத இடமே இல்லை என்று வந்தது. டிஸ்க்கை முழுதாக அழித்துப் புதிதாகப் பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். கவுன்சிலுக்கு எழுத என்று அண்ணை பாதியில் வைத்திருந்த முறைப்பாட்டுக் கடிதம் அதோடு சொர்க்கம் போனது. செவ்வாயும் புதனும் வேலையால் வந்து இதே பாடுதான். இரண்டு நாளும் மணியத்தார் பெட்டியைத் திறந்து பார்த்தேனா என்று திரும்பவும் கேட்டார். இரண்டு நாளும் நான் திறந்து பார்த்தேன் என்றேன். புதன்கிழமை அளவில் அந்தப் பெட்டியைத் திறந்ததாக எனக்கே ஒரு ஞாபகம் வரத் தொடங்கியிருந்தது.

இதற்குள் நான் ஒரு கண்டுபிடிப்பும் செய்திருந்தேன். எங்கள் வீட்டின் பின்வேலிக்கு அப்பால் ரெயில் பாதை. ரெயில் போகும்போது வீடு ஒரு குலுக்குக் குலுங்கும். சில ரெயில்களுக்கு ஹார்ட் டிஸ்க் வந்தது, சிலவற்றுக்குப் போனது. அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் போகிற ரெயில் நல்ல ரெயில், சிட்டிப் பக்கம் போவது கூடாத ரெயில் என்று ஒரு தாளில் பட்டியலே போட்டேன். (அந்தத் தாளை அண்ணை இன்றும் வைத்திருக்கிறார்.)

அண்ணி மட்டும் அந்த நாட்களில் ஒரு மாதிரி இருந்தார். நான் மெஷினோடு மல்லுக்கட்டும்போதெல்லாம் கையில் ஒரு துணியோடு பக்கத்தில் வந்து தூசியே இல்லாத இடத்தைத் துடைப்பார். கலியாண வேலைப் பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன் பின்னேரம் மணியத்தார் கைவிட்டார். கேபிளும் சரி, அழித்தும் பார்த்தாச்சு என்றால் டிஸ்க் செத்துவிட்டது, முடிந்தால் பெட்டியைக் கொண்டுவந்து தா, ஒருதரம் பார்க்கிறேன் என்றார். எனக்கு வியாழன் லீவு. அண்ணையும் அண்ணியும் வேலைக்குப் போனபிறகு, அண்ணியின் இரண்டு சில்லு வைத்த மரக்கறி வண்டிலுக்குள் பெட்டியை இறக்கினேன்.

தோற்றுப்போனது வீட்டில் தெரியக்கூடாது என்பது என் கவலை. அதனால் பெட்டி இருந்த இடத்தில் நான்கு டெலிபோன் டிரெக்டரிகளை அடுக்கி, அவற்றுக்கு முன்னால் ஒரு பெரிய பிஸ்கட் டின்னை வைத்து, மேலே திரையை ஏற்றி, அண்ணியின் பூவேலைக் கவரால் மூடினேன். தூரத்தில் நின்று பார்த்தேன். அசல் கொம்பியூட்டர் கெட்டது போங்கள்.

ரெய்னர்ஸ் லேனில் இருந்து நோர்பரி லண்டனின் ஒரு தலைப்பில் இருந்து மறுதலைப்பு. படிகளில் வண்டிலைத் தடார் தடார் என்று இறக்கினேன். விக்டோரியாவில் ரெயிலுக்கு நின்றபோது பசித்தது. வண்டிலை வாங்கிலுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு ஒரு உருளைக்கிழங்குக் கிரிஸ்ப் பக்கற் வாங்கப் போனேன். இந்தப் பழைய இரும்பை எவன் எடுக்கப்போகிறான்? ரெயிலில் இருக்க இடம் கிடைக்கவில்லை. வண்டிலைச் சாய்த்து அதன் மேலேயே குந்திக்கொண்டேன். அண்ணியின் பதினைந்து பவுணுக்கு மேல் இருந்து கிரிஸ்ப் சாப்பிட்டபடி நோர்பரி போய்ச் சேர்ந்தேன்.

மணியத்தார் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி லலிதாக்கா கதவு திறந்தார். மகள் கவிதா பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டில் நின்றாள். பெட்டியை உள்ளே தூக்க ஒரு கை கொடுத்துவிட்டு, உள்ளே பார்த்தீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கேட்டது ஒரு வடிவான பெட்டை. இரண்டு தரம் பார்த்ததாகச் சொன்னேன். பிளாப்பி டப்பாவையும் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அன்று பின்னேரமே போன் வந்தது. அண்ணை எடுத்தார். மணியத்தார் என்று வாயசைத்தார். பெட்டியைத் திறந்திருப்பார், கேபிளைக் கண்டிருப்பார், ஏசத்தான் எடுக்கிறார் என்று விளங்கிவிட்டது. இல்லை என்று சொல்லுங்கோ என்று கையைக் காட்டினேன். அண்ணை சொன்னார், “அவன் குளிக்கிறான் மணியத்தார்.” வெள்ளி காலை போன் வந்தது. குளிக்கிறான். வெள்ளி பின்னேரம் வந்தது. குளிக்கிறான். இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கும் வந்தது. அண்ணைக்கு வேறு பொய் சொல்லத் தெரியாது.

சனிக்கிழமை விடிந்தது. பத்தே முக்காலுக்குத் தாலி கட்டு. நான் பட்டுவேட்டி கட்டி, தலை இழுத்து, ஹோலில் சப்பாத்துத் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணி கூறைச்சேலையோடு மாடியால் இறங்கி வந்து, நேரே கொம்பியூட்டருக்கு முன்னால் போய் நின்று, கவரைத் தூக்கினார்.

பிஸ்கட் டின் அண்ணியைப் பார்த்தது. அண்ணி பிஸ்கட் டின்னைப் பார்த்தார். பிறகு அதன் மூடியைத் திறந்தும் பார்த்தார். (அவருக்குத் திறந்து பார்க்கத் தெரியும்.) காலி.

“தம்பி, கொம்பியூட்டர் எங்கை?”

“திருத்தக் குடுத்திருக்கிறன் அண்ணி. நோர்பரியில.”

அண்ணி அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். “அதுக்குள்ளை என்ரை கொடி இருக்குது.”

அந்த நொடியில் எனக்கு ஏற்பட்டதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலில் அழுகை வந்தது. இந்த மனுஷி ஆறு வருடம் எனக்குச் சோறு போட்டவர். குளிருக்கு என் முதல் ஜக்கெட் வாங்கித் தந்தவர். அவருடைய கொடிக்கு மேலே குந்தியிருந்து கிரிஸ்ப் சாப்பிட்டிருக்கிறேன், விக்டோரியாவில் அநாதையாக விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அண்ணைக்கோ வேறு துக்கம்.

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லயில்லையே நீர்.”

“உங்களுக்குச் சொன்னா ரெய்னர்ஸ் லேனுக்கே சொன்ன மாதிரி” என்றார் அண்ணி.

மணியத்தாருக்குப் போன் போட்டோம். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. காரில் பாய்ந்து ஏறினோம். அண்ணை ஓடிய ஓட்டத்தில் ஒரு ரவுண்டபவுட்டைக்கூட இரண்டாம் தரம் சுற்றவில்லை. நான் பின்சீற்றில் இருந்து எனக்குத் தெரிந்த எல்லாத் தேவாரத்தையும் மனதுக்குள் சொன்னேன். தேம்ஸைக் கடக்கும்போது அண்ணி யன்னலைப் பார்த்தபடி ஒன்று சொன்னார்.

“தம்பி, டின்னுக்குள்ளை ரெண்டு பிஸ்கட்டாவது வைச்சிருக்கலாம்.”

நோர்பரியில் மணியை அடித்ததும் கதவு உடனே திறந்தது. மணியத்தார் என்னை மேலும் கீழும் பார்த்தார். தாங்கள் எங்கள் வீட்டுக்குத்தான் புறப்பட்டு வெளியே நின்றதாகவும், கார் கிளம்ப மறுத்ததால் இப்போதுதான் உள்ளே திரும்பியதாகவும் சொன்னார். பிறகு கேட்டார்.

“ரெண்டு நாளா குளிச்சியே, அழுக்கு போச்சா?”

உள்ளே கூப்பிட்டு இருத்தினார். ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றுமே இல்லையாம். கேபிள் அரைவாசி கழன்றிருந்ததாம். இரண்டு நிமிடத்தில் இறுக்கி, பதின்மூன்று பிளாப்பியையும் ஒரே இருப்பில் ஏற்றி முடித்துவிட்டாராம். ஏழாம் நம்பர் வெண்ணெய் மாதிரிப் போனதாம். ஏன் கழன்றது என்று பார்த்தபோதுதான் சுருக்குப்பை கிடைத்ததாம்.

“அதுல இருந்துதான் எங்களுக்கு தூக்கம் போச்சு” என்றார். “நீ மூணு தடவ பெட்டிய தொறந்து பாத்தேன்னு சொன்ன. அப்ப உள்ள தங்கம் இருக்கிறது ஒனக்கு தெரியும். தெரிஞ்சேதான் அனுப்பியிருக்க. ஏன் அனுப்பின?”

அவர் முதலில் நினைத்தது களவு நகை என்று. அதனால்தான் அண்ணையிடம் போனில் சொல்லவில்லை. அண்ணனுக்குத் தெரியாத விவகாரமாக இருந்தால் பிள்ளையின் வாழ்க்கை போய்விடும் என்று பயந்திருக்கிறார். லலிதாக்காவுக்கு வேறு யோசனை. அதை அவர் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, அண்ணியைத்தான் பார்த்தார்.

“கல்யாண வயசுல பொண்ணு இருக்கிற வீட்டுக்கு ஒரு பையன் தாலிக்கொடிய கொடுத்து அனுப்புறான். போன் பண்ணா வெக்கப்பட்டு வர மாட்டேங்கிறான். நாங்க என்னன்னு எடுத்துக்கிறது, சொல்லுங்க?”

மாடிப்படியில் இருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. கவிதா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பட்டுவேட்டியோடு அந்தக் கம்பளத்துக்குள் புதைந்துபோக வழி தேடினேன். ஒரே வியாழக்கிழமையில் ஒரு கொம்பியூட்டரைக் கொன்று, ஒரு கொடியைத் தொலைத்து, ஒரு பெண்ணுக்குக் கலியாணமும் பேசியிருக்கிறேன். அதுவும் எனக்கே தெரியாமல்.

“நான் பெட்டியைத் திறக்கவேயில்லை” என்றேன். “எப்பிடித் திறக்கிறதெண்டு எனக்குத் தெரியாது.”

வாழ்க்கையில் முதன்முறையாக அந்தச் சொல் வாயில் வந்தது. அண்ணை என்னை அதிர்ச்சியோடு பார்த்தார், குடும்ப மானமே போய்விட்டது மாதிரி.

“அது எனக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும்” என்றார் அண்ணி. “திறந்து பாத்தனானெண்டு போனில சொன்னீர். எனக்கு உயிர் போய் வந்தது. பிறகு மூடியைக் கழட்டிப் பாத்தன், பை அப்பிடியே இருந்தது. இவர் திறக்கமாட்டார், இதைவிடப் பத்திரமான இடம் இல்லையெண்டு நிம்மதியா இருந்தனான்.”

என்னுடைய மொக்குத்தனத்தை லொக்கராகப் பாவித்திருக்கிறார்.

லலிதாக்கா சமையலறைக்குப் போய்க் கொடியை எடுத்துவந்தார். இரண்டு நாளும் தன்னுடைய பத்திரமான இடத்தில் வைத்திருந்தாராம். அது ஃப்ரீசருக்குள், சிங்கப்பூரில் இருந்து வந்த நெத்திலிக் கருவாட்டுப் பைக்குள். சுருக்குப்பையைத் திறந்ததும் வீடு மணத்தது. அவரும் அண்ணியும் சிங்குக்கு ஓடி, பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போட்டுக் கழுவினார்கள். பிறகு பன்னீர், பிறகு எலுமிச்சம்பழம். கொடியின் முறுக்குக்குள் போன நெத்திலி அசையவில்லை. நேரம் பத்தே கால். அண்ணி அதை அப்படியே கழுத்தில் போட்டுக்கொண்டார்.

மண்டபத்துக்குள் நாங்கள் ஓடி நுழையும்போது கெட்டிமேளத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. அண்ணி மூச்சு வாங்கியபடி மேடையேறி விளக்கைப் பிடித்தார். சைவக் கலியாணம். ஐயர் மந்திரத்தின் நடுவில் ஒருதரம் நின்று மூக்கை உறிஞ்சினார். எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு மாமி மற்ற மாமியிடம், மண்டபக் குசினியில் ஆரோ கருவாடு பொரிக்கினம், கலிகாலம் என்றார். அண்ணி விளக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தார். உதடு துடித்தது. அடுத்த நொடி இரண்டு பேருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. கலியாண வீடியோவில், தாலி கட்டும் நேரம் மாப்பிள்ளையின் அக்கா தோள் குலுங்க அழுவது தெரியும். பாசம் என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாசம் இல்லை, நெத்திலி.

அன்றில் இருந்து எங்கள் வீட்டில் என் எந்தப் பேச்சுக்கும் ஒரே பதில்தான். வகுப்புச் சோதனை நல்லாச் செய்தனான் என்றால், “பெட்டியைத் திறந்து பாத்தனியோ?” வேலை கிடைத்துவிட்டது என்றால், “பெட்டியைத் திறந்து பாத்தனியோ?” கிடைத்த வேலையும் கொம்பியூட்டர் திருத்துகிற வேலைதான். போனில் வருகிற யாரிடமும் நான் முதலில் கேட்பது அதே கேள்வி. ‘ஓம், பார்த்தாச்சு’ என்று கெதியாகப் பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அவர்கள் என் இனம்.

சில வருடம் கழித்து எனக்கும் கலியாணம் வந்தது. பொம்பிளை யார் என்று நீங்கள் எப்போதோ கண்டுபிடித்திருப்பீர்கள். மணியத்தாரிடம் பெண் கேட்டுப் போனபோது, அதுதான் முன்கூட்டியே தாலி அனுப்பிவிட்டாயே, இனி என்ன கேள்வி என்றார். கவிதா அப்போதும் மாடிப்படியில் நின்றுதான் சிரித்தாள்.

கலியாணத்தன்று கூறைச்சேலையும் அதன் மேல் சிவப்பு வெல்வெட் நகைப்பெட்டியும் வைத்த தட்டம் சபை முழுவதும் சுற்றி வந்தது. நானூறு பேர் அதைத் தொட்டு ஆசீர்வாதம் செய்தார்கள். தட்டம் மேடைக்குத் திரும்பியது. ஐயர் கொடியை எடுக்கச் சொன்னார். அப்போது பின்னால் இருந்து அண்ணையின் குரல், மைக் தேவைப்படாத குரல்.

“டேய், பெட்டியைத் திறந்து பாத்தனியோ?”

சபை சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு, எல்லாரும் பார்க்கப் பெட்டியைத் திறந்தேன்.

காலி.

நாதஸ்வரக்காரர் குழலை வாயில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். ஐயர் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். மணியத்தார் எழும்பிவிட்டார். அண்ணி மட்டும் ஒரு அவசரமும் இல்லாமல் தன் கைப்பையைத் திறந்து, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். பதின்மூன்று பிளாப்பி வந்த அதே டப்பா. அதற்குள் மஞ்சள் பூசிய புதுக்கொடி சுருண்டு கிடந்தது.

“தட்டத்தில வைச்சா நானூறு கை படும் தம்பி” என்றார். “எடும், நேரம் போகுது.”

கட்டினேன். நானூறு பேரும் ஆசீர்வதித்தது ஒரு வெறும் பெட்டியைத்தான் என்று கவிதா இன்றும் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் இத்தனை வருடமாக எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆசீர்வாதத்துக்கு எங்கே போக வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

அந்த டப்பா இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது, கொடியும் அதற்குள்தான் இருக்கிறது. கவிதா அதை எங்கே வைத்திருக்கிறாள் என்று போன கிழமைகூட ஒரு விருந்தாளி என்னைக் கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தெரியாது என்றேன்.